பட்டிமன்றம் போதும்... பாத்ரூமைப் பாருங்கள்!

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் பிரிவு)



நம்மைப் போன்ற கல்லூரிகளில் தமிழ் மன்ற விழா என்றால் ஒரு பட்டிமன்றம் நிச்சயம். தலைப்பும் பாதி நிச்சயம். ‘முதியோர் இல்லங்கள் பெருகக் காரணம் பிள்ளைகளா? காலத்தின் கோலமா?’ ‘பத்து மாதம் சுமந்தவளை...’ என்று ஒருவர் ஆரம்பித்தாலே கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைப்பார்கள். நடுவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மறுநாள் காலை நமக்கு வழக்கம்போல லேப்.

பட்டிமன்றத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இத்தனை பேச்சிலும் ஒரு விஷயம் மட்டும் வருவதே கிடையாது. வயசானவர்கள் எங்கே விழுகிறார்கள்? எதில் தடுக்கி விழுகிறார்கள்? எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள்? இதைப் பேச வேண்டியது பட்டிமன்றப் பேச்சாளரா? இல்லை நண்பர்களே. நாளைக்கு வீடு கட்டப்போவது யார்? ஒயரிங் இழுக்கப்போவது யார்? பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் போய் நிற்கப்போவது யார்? நாம்தான்!

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். அகில இந்திய அளவில் அது 8.6தான். 2021-ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு போட்ட கணிப்பில் நமது எண்ணிக்கை 13.6. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்கு. அதாவது 55 பேர் உட்காரும் ஒரு பஸ் நிறைய நம் ஜனங்களை ஏற்றினால், அதில் ஏழு பேர் தாத்தாவோ பாட்டியோ! பிரான்சு நாட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 7 பேர் என்பதிலிருந்து 14 பேர் ஆவதற்கு 115 வருஷம் பிடித்தது. ஜப்பானில் 1970-லிருந்து 1994-க்குள் அது நடந்து முடிந்துவிட்டது. நமக்கும் அவ்வளவு நிதானமாக யோசிக்கிற அவகாசம் இருக்கப்போவதில்லை. இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் அப்பத்தா பெற்றது ஏழு. எங்கள் அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பேர். தேசிய குடும்பநல ஆய்வு 2019-21-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்கிறது. ஏழு பேர் மாற்றி மாற்றித் தூக்கிய சுமையை இனி ஒன்றே முக்கால் பேர் தூக்க வேண்டும். இதில் பாசம் கூடிற்றா குறைந்ததா என்று விவாதம் பண்ணி என்ன பிரயோசனம்? ஆள் பலம் குறைந்துவிட்டது என்றால், வேலையைச் சுலபமாக்கும் வழியைத்தானே தேட வேண்டும்? அதற்குத்தானே நாம் டெக்னாலஜி படிக்கிறோம்?

இப்போது விழுவதற்கு வருவோம். கீழே விழுவதால் மட்டும் உலகத்தில் வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எதிர்பாராத விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிலும் அதிகம் சாவது 60 வயதைத் தாண்டியவர்கள். சாலைப் பாதுகாப்பு வாரம் என்று போர்டு பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிறோம். பாத்ரூம் பாதுகாப்பு வாரம் என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? சிரிக்காதீர்கள்!

எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். நான் முதலாண்டு படித்தபோது அப்பத்தாவுக்கு 76 வயசு. அதுவரை தானே தண்ணீர் தூக்கும், கோழியைத் துரத்தும், கோயிலுக்கு நடந்தே போகும். நாங்கள் புதுசாகக் கட்டிய வீட்டில் பாத்ரூமுக்குப் பளபளவென்று வழுக்குகிற டைல்ஸ். வாசலில் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு திண்டு. கதவு உள்பக்கமாகத் திறக்கும். கட்டிக்கொடுத்த இன்ஜினீயர் கெட்டவர் இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் உள்ளே போன அப்பத்தா வழுக்கி விழுந்தது. விழுந்த உடம்பு கதவை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வெளியே இருந்து தள்ளினால் அப்பத்தாவின் இடுப்பிலேயே இடிக்கிறது. கடைசியில் அப்பா கீலைக் கழற்றிக் கதவை எடுத்தார். அதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் அப்பத்தா ஈரத் தரையில்.

தொடை எலும்பு, இடுப்போடு சேருகிற கழுத்துப் பகுதியில் முறிவு. ஆபரேஷன் ஆயிற்று, தகடு வைத்தார்கள், வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. அப்பத்தா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டது. ஒருநாள் கேட்டேன்.

“ஏன் அப்பத்தா, தண்ணி குடிக்க மாட்டேங்கிற?”

“குடிச்சா எந்திரிக்கணும்லப்பா. ஒங்க ஆத்தாளை ராத்திரிக்கு எத்தனை தடவைதான் எழுப்புறது?”

தண்ணீர் குடிக்காமல் நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, ராத்திரியில் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தது. ‘கெழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். புத்தி ஒன்றும் பேதலிக்கவில்லை. வயசானவர்களுக்குத் தொற்று வந்தால் இப்படித் திடீர்க் குழப்பம் வருவது சகஜமாம். மருந்து கொடுத்து, தண்ணீர் கொடுத்ததும் நாலு நாளில் தெளிந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள் நண்பர்களே, ஒரு கைப்பிடி இல்லாத குறை ஒரு மனுஷியைத் தாகத்தோடு படுக்க வைக்கிறது. மருமகளைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்ற கௌரவம் வேறு. அப்படிப்பட்டவர்களைத்தான் மேடையில் ‘பாரமாகிப் போன பெற்றோர்’ என்று வர்ணிக்கிறோம்.

சரி, கைப்பிடிக்கு என்ன செலவு? நம் பாஷையில் பேசுவோம். ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 42 மி.மீ. சொச்சம். கைப்பிடி 38-லிருந்து 45 மி.மீ. கனத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற பைப்பே கனக்கச்சிதம். இரண்டு முனையிலும் தகடு வைத்து வெல்டு பண்ணி, தகட்டுக்கு மூன்று போல்ட் போட்டுச் செங்கல் சுவரில் இறுக்கினால் முடிந்தது வேலை. சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் விரல்கள் தாராளமாக நுழைகிற இடைவெளி போதும். அதற்கு மேல் விட்டால், கை வழுக்கும்போது முழங்கையே உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். முக்கியமான விஷயம், டவல் ராடு என்பது கைப்பிடி ஆகாது! அது ஒரு துண்டின் எடையைத் தாங்க மாட்டியது. அதைப் பிடித்து எழுந்தால் ராடும் ஆளும் சேர்ந்துதான் கீழே வரும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். தாழ்ப்பாள் வெளியே இருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். வாசல் திண்டை எடுத்துவிட்டு, தரைச் சாய்வை ஒழுங்காகக் கொடுத்தால் தண்ணீர் வெளியே வராது. லெவல் ட்யூப் பிடிக்கத் தெரிந்த நமக்கு இது ஒரு வேலையா?

படிக்கட்டும் இப்படித்தான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீடுகளில் ஒரு படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்கிறது. இடத்தை மிச்சம் பிடிக்க எட்டரை அங்குலம், ஒன்பது அங்குலம் என்று ஏற்றிவிடுகிறார்கள். அதைவிட மோசம், எல்லாப் படியும் ஏழு அங்குலம் இருக்க, கடைசிப் படி மட்டும் கணக்கு இடித்து ஐந்தாகவோ ஒன்பதாகவோ நிற்பது. மனுஷக் கால் முதல் இரண்டு படியிலேயே அளவைக் கற்றுக்கொண்டுவிடும். அப்புறம் கண் பார்ப்பதில்லை. அளவு மாறும் இடத்தில் இளவட்டம் தடுமாறிச் சமாளிக்கும். கிழவர் விழுவார். டிராயிங் ஷீட்டில் படிக்கட்டின் செக்‌ஷன் போடும்போது இதை யாரும் சொல்லித்தரவில்லை. கொத்தனார் ஒருவர்தான் எனக்குச் சொன்னார்.

மின்னியல் பிரிவு நண்பர்களுக்கு ஒரு கேள்வி. ஒயரிங் லேபில் நீங்கள் செய்கிற ஆரம்பப் பயிற்சிகளில் ஒன்று ஸ்டேர்கேஸ் ஒயரிங். மேலே ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு ஸ்விட்ச், நடுவில் ஒரு விளக்கு. ரெக்கார்டில் படம் போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிடுவீர்கள். உங்களில் எத்தனை பேர் சொந்த வீட்டில் தாத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றும், பாத்ரூம் வாசலில் ஒன்றும் அதே இணைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள்? இருட்டில் தடவிக்கொண்டே எட்டடி நடந்து ஸ்விட்சைத் தேடுவதற்குள் பாதிப் பேர் எதிலாவது தடுக்கிவிடுகிறார்கள். அறுபது வயதுக்காரரின் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள் கண் விஞ்ஞானிகள். நமக்குப் ‘போதும்’ என்று தெரிகிற விளக்கு அவர்களுக்கு அரை இருட்டு. நாம் பாட்டுக்குக் கரண்டு மிச்சம் என்று ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டுவிட்டுப் போகிறோம். படியின் விளிம்பில் ஒரு வெள்ளைப் பட்டை அடித்தாலே எவ்வளவோ உபகாரம்.

இயந்திரவியல்காரர்கள் சும்மா சிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். கைத்தடி பற்றிச் சொல்லுங்கள் பார்ப்போம். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு ரேகை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் தடியின் பிடி உயரம். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பத்துக்கு எட்டுப் பேர் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள் (இது ஆராய்ச்சி இல்லை, எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் எண்ணியது). தடியின் நுனியில் இருக்கும் ரப்பர் குல்லாய் தேய்ந்து மொட்டையாகிவிட்டால், அப்புறம் அது கைத்தடி இல்லை, வழுக்குமரம். பைக்கின் டயரில் பட்டன் தேய்ந்துவிட்டதா என்று வாரம் ஒரு தடவை குனிந்து பார்க்கிற நாம், தாத்தாவின் தடியைத் திருப்பிப் பார்த்ததுண்டா?

இதெல்லாம் வெளியே செய்கிற ரிப்பேர். உடம்புக்குள்ளே? ‘வயசாயிடுச்சு, இனிமே அப்படித்தான்’ என்கிற வசனம் இருக்கிறதே, அது பாதி பொய். 1990-இல் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்துப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஒரு சோதனை நடந்தது. தளர்ந்துபோன பத்துப் பேர். சராசரி வயது 90. எட்டு வாரம் அவர்களைக் காலில் எடை மாட்டித் தூக்க வைத்தார்கள். ஒன்பது பேர் கடைசிவரை நின்றார்கள். கால் வலு சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. அதாவது முன்பு இருந்ததைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்! இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வயசில்! ஆனால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ‘நீ உக்காரு, நீ படு, எதுக்கு எந்திரிக்கிற’ என்று அன்பாகச் சொல்லிச் சொல்லியே இருக்கிற தசையையும் கரைக்கிறோம். ஒரு வாரம் படுத்தாலே வயசானவர்களுக்குக் கால் வலு கணிசமாகப் போய்விடும். 65 தாண்டியவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேர்க்கிற மாதிரி நடை, கூடவே வாரம் மூன்று நாள் வலுவுக்கும் நிதானத்துக்குமான பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் அப்பத்தாவுக்கு ஃபிசியோதெரபி அக்கா சொல்லிக்கொடுத்தது ரொம்பச் சுலபம். நாற்காலியில் உட்கார், கையை ஊன்றாமல் எழுந்திரு, திரும்ப உட்கார். முதல் வாரம் ஒன்றுகூட முடியவில்லை. மூன்றாம் மாசம் பத்து. எண்ணிக்கையில் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வயசானவர் என்றாலே கஞ்சியும் ரஸ்க்கும் என்று எழுதி வைத்துவிட்டோம். முட்டையும் மீனும் சம்பாதிக்கிற பிள்ளைக்கு. உண்மையில் தசை கரைகிற வயதில்தான் புரதம் அதிகம் வேண்டும். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, எது ஒத்துக்கொள்கிறதோ அது. பல் இல்லை என்றால் மசித்துக் கொடுக்கலாம்.

நம் படிப்புக்கும் முதுமைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் மதுரையைப் பார்க்கட்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் தமது 58-ஆவது வயதில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாத நோயால் விரல்கள் முறுக்கிப்போனவர் அவர். அந்த விரல்களாலேயே அறுவை சிகிச்சை பழகியவர். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிடப் பிடித்தது 1992-இல் நடந்தது. கண்புரை நீக்கியபின் உள்ளே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. விலை ஏழைக்கு எட்டாது. லென்ஸ் வைக்காமல் சோடா புட்டிக் கண்ணாடியோடு அனுப்புவதுதான் வழக்கம். மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு அந்த லென்ஸைத் தயாரித்துக் காட்டினார்கள். அதற்கு மைக்ரான் துல்லியத்தில் கடைவதும், மெருகேற்றுவதும், தரம் பார்ப்பதும் தெரிந்த கைகள் வேண்டாமா? கண் தெரிந்தால் ஆள் விழுவது குறையும், வெளியே நடமாடுவார், நாலு பேரோடு பேசுவார். காது விஷயமும் இதே மாதிரிதான். கேட்காததைக் கவனிக்காமல் விட்டால் மறதி நோய்க்கான ஆபத்து கூடுகிறது என்று 2024-இல் வெளியான லான்செட் நிபுணர் குழு அறிக்கை எச்சரிக்கிறது. நாமோ ‘செவிட்டுக் கெழவன்’ என்று ஜோக் அடிக்கிறோம்.

பஸ்ஸுக்கு வருகிறேன். நகரப் பேருந்துகளைத் தள உயரத்தை வைத்து 900, 650, 400 மி.மீ. என்று மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். சென்னையில் 2016-லிருந்து 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் டிக்கெட் இலவசம், ஏறுவது எப்படி? மாற்றுத் திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு, 2024-இல் சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. நிறுத்தத்தில் பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும். அவர்கள் போராடியதில் பலன் அடைந்தது நம் பாட்டிகளும்தான் என்பதைச் சங்கத்தில் இருக்கிற நாம் மறக்கக்கூடாது. ஆனால் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் முதல் படி இன்னும் என் முழங்காலுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. டிரைவர் பஸ்ஸை மேட்டோரம் அணைத்து நிறுத்தினால் அரை அடி குறையும். நடு ரோட்டில் நிறுத்துகிறார். பாட்டி ஒரு காலை வைத்ததும் விசில். நாம் ஃபுட்போர்டை அடைத்துக்கொண்டு நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘இதெல்லாம் சரி, கூட்டுக் குடும்பம் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராதே?’ என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தக் காலக் கூட்டுக் குடும்பத்தில் கிழவரைக் குளிப்பாட்டியது யார்? மலம் எடுத்தது யார்? மகன் இல்லை, மருமகள். எங்கள் வீட்டிலும் அம்மாதான். அப்பா மாத்திரை வாங்கி வருவார், ஆஸ்பத்திரியில் பணம் கட்டுவார், அவ்வளவுதான். கூட்டுக் குடும்பத்தின் பெருமை பேசுகிற எந்த ஆம்பளையும் பெட்பேன் கழுவியதை நான் பார்த்ததில்லை. நம் பண்பாட்டைப் பற்றியும் ரொம்பப் பெருமையடித்துக்கொள்ள வேண்டாம். தலைக்கூத்தல் என்ற ஒன்று நம் தென்மாவட்டங்களில்தான் இருந்தது. படுத்த படுக்கையான பெரியவர்களுக்கு எண்ணெய் தேய்த்து, தலைக்குக் குளிரக் குளிர ஊற்றி, இளநீர் கொடுத்து அனுப்பிவைக்கிற வழக்கம். 2010-இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து அந்தச் செய்திகள் வந்தபோது நாடே திடுக்கிட்டது. அதைச் செய்தவர்களை அரக்கர்கள் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டில், படுத்த ஆளைப் பகலெல்லாம் பார்க்க ஒருவரும் இல்லை, உதவிக்கு ஒரு நர்ஸும் இல்லை, வலிக்கு மருந்தும் இல்லை என்கிற நிலைமையையும் சேர்த்துத் திட்ட வேண்டும். கொலை கொலைதான். அது அத்தனை காலம் நடந்ததற்கு வறுமையும் ஊரின் மௌனமும் பக்கபலம்.

அதனால்தான் முதியோர் இல்லத்தைப் பாவம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. நல்ல இல்லம், மோசமான இல்லம் என்றுதான் பார்க்க வேண்டும். பிள்ளை வீட்டில் ஒரு மூலையில் யாரும் பேசாமல் கிடப்பதைவிட, நாலு பேரோடு தாயம் ஆடிக்கொண்டு இருப்பது மேல் என்று ஒரு பெரியவர் நினைத்தால் அது அவர் உரிமை. ஜப்பான்காரர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே முதியோர் பராமரிப்புக்கென்று தனிக் காப்பீடே கொண்டுவந்துவிட்டார்கள். நாற்பது வயதிலிருந்தே எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். மருமகளின் முதுகை நம்பி ஒரு தேசம் நிற்க முடியாது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இங்கே அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் தப்பு. 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2023-இல் 1,200 ஆனது. ஒரு நாளைக்கு 40 ரூபாய்! (டீயும் வடையும் இப்போது என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.) முதியோர் மருத்துவத்துக்கென்று மேற்படிப்பு நாட்டிலேயே முதலில் 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கியது. அதற்கு அடித்தளம் போட்டவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். கிண்டியில் 2024-இல் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்தது, ஃபிசியோதெரபியும் வந்தது. எங்கள் அப்பத்தாவுக்கு வந்த அக்கா அப்படி வந்தவர்தான்.

சட்டமும் உண்டு. 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம் என்று சட்டம் வந்தபோது வைத்தார்கள். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்துப் பண்ணலாம். நிராதரவாக விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை ஜெயில். 14567 என்ற எண்ணுக்குப் போன் பண்ணினால் விவரம் சொல்வார்கள். உங்கள் தெருப் பெரியவர்களுக்கு இந்த நம்பரை எழுதிக் கொடுங்கள், பெரிய எழுத்தில்.

கடைசியாக நம் சங்கத்துக்கு என் கோரிக்கை. இந்த வருஷ நாட்டு நலப்பணி முகாமில் கோயில் மதிலுக்கு வெள்ளையடிப்பதை விட்டுவிடுவோம். முகாம் நடக்கும் கிராமத்தில் 60 தாண்டியவர்கள் இருக்கிற வீடு எத்தனை என்று முதல் நாள் கணக்கெடுப்போம். சிவில் பிரிவு டேப்பை எடுத்துக்கொண்டு படி, திண்டு, கதவு எல்லாம் அளக்கட்டும். மெக்கானிக்கல் பைப்பை வெட்டி வெல்டு பண்ணட்டும். எலெக்ட்ரிக்கல் இரண்டு ஸ்விட்ச் இணைப்பைக் கொடுக்கட்டும். எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் கட்டிலோரம் ஒரு அழைப்பு மணி வைக்கட்டும். எந்த இடத்தில் கைப்பிடி வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு பண்ணக்கூடாது. அந்தப் பாட்டியையே கூட்டிப்போய் எழுந்து நிற்கச் சொல்லி, அவர் கை இயல்பாக எங்கே போகிறதோ அங்கே சாக்பீஸால் குறி போட வேண்டும். எங்கள் வீட்டில் நான் அப்படித்தான் செய்தேன். புத்தகத்தில் போட்டிருந்த உயரத்தைவிட இரண்டு அங்குலம் தாழ்வாகத்தான் அப்பத்தாவின் கை போயிற்று.

பணிமனையில் கழித்துப்போட்ட ஒன்றேகால் அங்குலப் பைப்புத் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன. ஃபோர்மேன் சாரிடம் வாயால் கேட்டுவிட்டேன். முதல்வரிடமிருந்து எழுத்தில் அனுமதி வந்தால் தருகிறேன் என்கிறார். கடிதத்தைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், இன்னும் பத்துக் கையெழுத்து வேண்டும். போல்ட்டுக்கும் ஸ்விட்சுக்கும்தான் காசு தேவைப்படும். ஆளுக்கு இருபது ரூபாய் போட்டால் முதல் பதினைந்து வீட்டுக்குச் சாமான் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.